தர்ஷினி நிரப்பாமல் விட்ட வட்டங்கள்

செல்வம், நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்று உன் தங்கச்சி பொன்னுவிடம் போனில் பேசினாய், அம்மா எங்கே என்று கேட்கவில்லை. கேட்காததை நான் மனதில் முடிந்து வைத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். நான் ஒன்று சொல்ல, உன் பெண்டாட்டி கவிதா ஒன்று சொல்ல, கடைசியில் மூன்று பேரும் ரசத்துக்குப் புளி கூடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பைய வாசி. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் தர்ஷினிக்கு நுழைவுப் பரீட்சை. அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். நாளைக்குப் பொன்னுவின் மாப்பிள்ளை தூத்துக்குடிக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்கு, பொன்னு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது டிவி விஷயத்துக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தர்ஷினியின் கோச்சிங் சென்டரில் கவிதாவுக்குப் பழக்கமான ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவள் எதிரில் வைத்து, "அத்தை, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, பிள்ளை படிக்கால்லா" என்று கவிதா சொன்னாள். சொன்னது சரி, சொன்ன இடம் சரியில்லை. அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது அதற்காக இல்லை. அதற்கு மறுநாள் நீ தர்ஷினியை நடு வீட்டில் நிற்க வைத்து மாதிரித் தேர்வுத் தாளை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். "சொன்னா கேக்க மாட்டியா? தெரியாததை விடுன்னா விடணும். விடுவியா?" அவள் "சரிப்பா" என்றாள். "போன தடவையும் சரின்னுதானே சொன்னே?" அதற்கும் "சரிப்பா" என்றாள். அவள் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரும்மா, உனக்கு என்ன தெரியும்" என்றாய். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பள்ளிக்கூடப் பேச்சு நம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிற தம்பி ஒரு பெட்டி மக்ரூனோடு நம் பலசரக்குக் கடைக்கு வந்தார். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற அந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் மகனுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். அங்கே குதிரை ஏறச் சொல்லிக் கொடுக்கிறார்களாம், நீச்சல் குளம் இருக்கிறதாம், படித்து வந்தவர்கள் எல்லாம் பெரிய பெரிய பதவியில் இருக்கிறார்களாம். நீ அந்த மக்ரூனைத் தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறு வாரமே மில்லர்புரத்தில் செல்போன் கடை மாடியில் இருக்கிற கோச்சிங் சென்டரில் தர்ஷினியைச் சேர்த்துவிட்டாய். நாலாம் வகுப்பு முடித்த பிள்ளை.

நானும் உனக்குத் துணையாகத்தான் நின்றேன், அதை மறந்துவிடாதே. டிபன் டப்பாவோடு அந்த மாடிப்படியில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் இந்தப் படம் எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி வரும் இல்லையா, அதற்காக நானும் அவளும் கவிதாவின் பொட்டுகள் ஒட்டியிருக்கிற பீரோக் கண்ணாடிக்கு முன்னால் தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்து விளையாடுவோம். முதலில் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்பதில் அப்படி ஒரு ஆசை. கோலப்புள்ளி வைக்கிற மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு நிரப்புவாள். பேனா மை விரலெல்லாம் ஒட்டும். தேங்காய் எண்ணெய் தொட்டு நான்தான் துடைத்துவிடுவேன். பிறகு நீ அவளைக் கடைக்கு வர வேண்டாம் என்றாய். சாயங்காலம் மூட்டை மேல் உட்கார்ந்து கடலைப் பொட்டலம் மடிக்கிற பிள்ளை, அந்த நேரத்தில் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்கு இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் செல்வம். நீ மறந்துவிட்டேன் என்று சொல்வாய். நீ ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம், டவுனில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் உன்னைப் பரீட்சை எழுத வைத்தோம். எழுதிவிட்டு மேஜைக்கு முன்னால் நின்றோம். உன் தலையில் நான் எண்ணெய் கூடத்தான் வைத்துவிட்டேன், நெற்றியில் வழிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள், பழுப்புக் கோடு போட்ட சட்டை, காதோரம் ஒரு மச்சம், உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்: "கடைக்காரப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் தெரிஞ்சாப் போதாதாம்மா? எதுக்கு இவ்வளவு தூரம்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் என்னவென்று தெரியாமல் சிரித்தாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்த முகத்தோடே வந்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உனக்கு உறைத்தது. என் முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாய். நான் அதை எடுக்கவில்லை, நம் நிறுத்தம் வரும்வரை.

அந்த ஆள் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நம் கடைக்கு வந்தான். நீ அப்போது தராசு ரிப்பேருக்கோ எதற்கோ வெளியே போயிருந்தாய். உன் அப்பா கல்லாவில் இருந்தார். "நல்ல கருப்பட்டி இருக்கா அண்ணாச்சி?" என்று குரல் கேட்டது. மச்சத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளேயிருந்து நான் சத்தமாகச் சொன்னேன், "இல்ல." கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான் என் கால்மாட்டிலேயே இருந்தது. உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி விளக்கை நான் ஊதி அணைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நம் கடைப் பழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போல் பனங்காட்டிலிருந்து வந்து கடை வைத்த குடும்பங்களில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான், உன் அப்பா அதைச் சாமி மாதிரி வைத்திருந்தார். கல்லாவிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. கேட்ட சரக்கு தீர்ந்திருந்தால், "சாயந்தரம் வந்துரும் அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "அதைவிட இது நல்லாருக்கும், கொண்டு போய்ப் பாருங்க" என்று வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். வந்த ஆள் வெறுங்கையோடு திரும்பினால் லட்சுமி அவன் பின்னாலேயே போய்விடுவாள் என்பார். தர்ஷினி நடக்கப் பழகியதிலிருந்து அவர் மடியில் உட்கார்ந்துதான் கடையைப் பார்த்தாள். உப்பு லாரிக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால், தாத்தாவுக்கு முந்தி அவளே "வந்துரும் அண்ணாச்சி" என்பாள். அவர்கள் சிரித்துவிட்டு, இருக்கிறதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோச்சிங் சார் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதை நீ வீட்டில் வந்து அப்படியே சொன்னாய், எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "பாப்பாவுக்கு நல்ல மூளை. ஆனா தெரியாத கேள்வியை விடவே மாட்டேங்கா. தப்புக்கு மார்க்கைக் கழிப்பாங்க. சம்பாதிச்சதை எல்லாம் அவளே அழிச்சிருதா." நீ அதைத் திமிர் என்றாய். கவிதா அவசரம் என்றாள். நான் பயம் என்று நினைத்தேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பேர் வைத்தோம், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பொங்கல் லீவுக்கு நீ அவளை இங்கே கொண்டுவந்து விட்டாய், கூடவே ஒரு பை நிறையப் புத்தகம். "தினமும் ஒரு பேப்பர் போட வைம்மா" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு, ஒரு வாய் காபி குடிக்காமல் போனாய். அதையும் முடிந்து வைத்திருக்கிறேன். மறுநாள் மத்தியானம், வயலுக்குப் போனவர்கள் சாப்பிட வருவதற்கு முன்னால், அடுக்களைப் பக்கம் அவளைத் தாளோடு உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. அவள் உதடு அசைந்தது, கண்ணை மூடினாள், ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

"ஏளா, அது தெரிஞ்சுதான் போட்டியா?"

"தெரியாது ஆச்சி."

"தெரியலைன்னா விட்டுருன்னுதானே சார் சொல்லியிருக்காரு?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விட்டா, இல்லைன்னு சொல்ற மாதிரில்லா இருக்கும்."

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு. தாத்தா சொல்லுவாவல்லா, கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு. எதையாவது குடுத்துரணும்னு."

செல்வம், எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்கியது. கேள்வித்தாளை அனுப்பினவனை நம் கடைக்கு வந்த ஆள் என்று நினைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள் உன் மகள். இதற்குத்தான் நீ அவளை நடு வீட்டில் நிற்க வைத்தாய். நானும் பஸ் ஏறி வந்தேனே தவிர, அவளிடம் ஏன் என்று கேட்காமல்தான் வந்தேன்.

அடுக்களைக்குள் வந்த பொன்னு, "அண்ணன்கிட்ட கோவிச்சுக்கிட்டு வந்துட்டு, அண்ணன் மகளுக்கு இங்கன டியூசன் நடக்கோ" என்று கேட்டாள். அவளை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள். "ஆச்சி, நீங்க மட்டும் ஒரு தடவை இல்லன்னு சொன்னியளாம்லா. தாத்தா சொன்னாவ."

"சொன்னேன்."

"பொறவு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. வந்த ஆளு போயிட்டான். கடை அங்கனதான் நின்னுச்சு. உங்க தாத்தாதான் ரெண்டு நாளு எங்கூடப் பேசலை."

அவளுக்கு அதில் சிரிப்பு. "நானும் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லேன் என்றேன். அடுத்த பக்கத்தில் தெரியாத கேள்வி வந்தபோது பேனாவை மூடிக் கீழே வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள், கை தானாகப் போய்விடுமோ என்று பயந்த மாதிரி. அப்படியே அடுத்த கேள்வியை வாசித்தாள்.

அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டு நான் இன்னொன்றும் கேட்டேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறியான்னு அப்பா கேட்டப்ப என்ன சொன்னே?" "சரின்னு சொன்னேன்." "உனக்குப் போகணுமா?" இல்லை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்து உன் முகத்துக்கு நேரே போடலாம் என்றும் நினைத்திருந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "குதிரை இருக்காம் ஆச்சி. ஏறணும் போல இருக்கு. ஆனா ராத்திரி அம்மா இல்லாமப் படுக்கணும். எனக்குத் தெரியல." எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் பக்கம் வருவாள் என்று பார்த்தால், அவள் என் பக்கமும் இல்லை, உன் பக்கமும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இத்தனை மாதமாக நடந்த பேச்சில், அவளுக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு இடம்கூட நாம் வைக்கவில்லையே. நீ கேட்ட கேள்விக்கு உன் மனசு நிறைய எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று, கையில் இருந்த 'சரி'யை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இது அவளோடு பிறந்தது என்று நினைக்காதே. உன் அப்பாவின் கடைசி மாசத்தில் டாக்டர் கேட்டாரே, "நெஞ்சு வலிக்குதா ஐயா?" அதற்கு உன் அப்பா, "முன்னைக்கு இப்ப பரவால்ல சார்" என்றார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கும் அதே பதில். டாக்டரையும் வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை அவருக்கு. டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். வாசலில் நீ அந்த டாக்டரைக் கும்பிட்டாய்.

நீயும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்து, திருநெல்வேலிக் கல்லூரியில் இடம் கிடைத்த நேரம் அப்பா முதல் தடவை படுத்தார். அடுப்படியில் வைத்து உன்னிடம் கேட்டேன், "கடையைப் பாத்துக்கிடுதியாலே?" நான் கேட்டு முடிக்கும் முன்னாலேயே "சரிம்மா" என்றாய். நான் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேறு யாரிடம் கேட்பேன்? ஆனால் அந்த 'சரிம்மா'வுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் முகத்தில் ஒன்றும் இல்லை, நீ போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் புறப்பட்டாய். இப்போது அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் போவதில்லை. கவிதாவிடம் சொல்லியிருந்தால் சந்தோஷம். உன் மகளைக் குதிரை மேல் உட்கார வைக்க நீ படுகிற பாட்டைப் பார்க்கும்போது மட்டும், அந்த அடுப்படி எனக்கு ஞாபகம் வரும்.

இதையெல்லாம் ஆற அமர எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்றைக்குக் காலையில் பொன்னு போனுக்குத் தர்ஷினி கூப்பிட்டாள். கவிதா குளிக்கப் போயிருந்த நேரம் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஆச்சி, நேத்து டெஸ்ட்ல தெரியாததை எல்லாம் விட்டுட்டேன். பேப்பர்ல நெறைய வெள்ளையா இருந்துச்சு." அப்பா பார்த்தாவளா என்று கேட்டேன். "பாத்தாவ. ஏன் இத்தனை விட்டேன்னு கேட்டாவ. எனக்குத் தெரியலப்பான்னு சொன்னேன்." "அப்பா என்ன சொன்னாவ?" "ஒண்ணும் சொல்லலை ஆச்சி. என் தலைல கைய வச்சிட்டு, பேப்பரை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாவ."

நீ ஏன் தலையில் கை வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. களைப்பில் வைத்திருக்கலாம். மார்க் கூடியிருக்கிறது என்ற சந்தோஷத்தில் வைத்திருக்கலாம். ஆனால் உன் மகள் உன்னிடம் முதல் தடவையாக ஒன்றைத் தெரியவில்லை என்று சொன்னாள், நீ அவளைத் திட்டவில்லை. அது அவளுக்குப் பெரிய விஷயம். அதைச் சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டாள், மார்க்கைச் சொல்ல இல்லை. எத்தனை மார்க் என்று அவள் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போ. இத்தனை நாள் உழைத்த பிள்ளை, எழுதட்டும். தெரிந்ததை எழுதட்டும், தெரியாததை விட்டுவிட்டு வரட்டும். வெளியே வந்ததும் எத்தனை போட்டாய், எத்தனை விட்டாய் என்று கேட்காதே, பசிக்கிறதா என்று கேள். நான் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன். கவிதாவிடம் சொல், சமாதானத்துக்காக வரவில்லை, பிள்ளைக்குத் தலை பின்னிவிட வருகிறேன் என்று.

பிறகு ஒரு நாள் முடிவு வரும். அவள் பேர் இருந்தால், உன் கிளியரிங் ஆபீஸ் தம்பிக்குப் போன் போடுவதற்கு முன்னால், இனிப்பு வாங்குவதற்கு முன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது உட்கார். போறியா என்று கேள். அவள் உடனே சரி என்றால் அதை வாங்கிக்கொள்ளாதே. திரும்பவும் கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. நீ சொல்லிக் கொடுக்காதே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இரு. போறேன் என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன், நானே அவளுக்குப் பெட்டி அடுக்குவேன். போகலை என்று சொன்னால் நீ முகத்தைச் சுருக்கக் கூடாது. இன்னும் தெரியல என்று சொன்னால், அதற்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அந்த நேரத்தில் கடையில் ஆள் நின்றால் நிற்கட்டும் செல்வம், நான் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அம்மா